சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைத் துலக்கும் முறை

ஒரு தோட்டாவின் உறுப்புகள் நான்கு: உறை, அதன் அடிக்குழியில் உட்கார்ந்து அடிபட்டவுடன் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. சுட்டு முடித்தபின் குண்டு இலக்கை நோக்கிப் போய்விடுகிறது, மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது, பிரைமர் செத்துவிடுகிறது. எஞ்சுவது பித்தளை உறை ஒன்றுதான். பொதுவாக நான்கிலும் விலை கூடியதும் அதுவே என்பதால், சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி சுடுவோர் அந்த உறைகளைப் பொறுக்கியெடுத்து, துலக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். இங்கே சொல்லப்போவது துலக்கும் வேலையை மட்டுந்தான். மருந்தின் வகையும் எடையும் அந்தந்த மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. அவற்றைக் கட்டுரைகளிலிருந்து எடுத்துக்கொள்வது சரியன்று.

துலக்குவது பளபளப்புக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, முதல் இரண்டு ஆண்டுகள் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் அளவுக்கு உறைகளை மினுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையில், பழுப்பேறிய உறையும் மின்னுகிற உறையும் ஒரே மாதிரிதான் சுடும். துலக்குவதற்குச் சரியான காரணங்கள் இரண்டு. சுடும்போது விரிந்துபோன உறையைப் பழைய அளவுக்கு நெருக்கும் சைசிங் டை என்னும் அச்சின் உட்சுவர் மிக நுண்ணியதாக வழவழப்பாக்கப்பட்டிருக்கும்; உறையில் ஒட்டியுள்ள ஒரு மணல் துகள் அதில் கீறல் போட்டுவிட்டால், அதன்பின் அந்த டையில் நுழையும் ஒவ்வோர் உறையிலும் அதே கீறல் விழும். இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: கரியும் சேறும் மூடியிருக்கும் உறையில் வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் உறையைத் தெளிவாகப் பார்க்க முடிகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஈயத்தைப் பற்றி முதலில்

பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மமும், அதனுடன் பேரியம், ஆண்டிமனி ஆகியவற்றின் சேர்மங்களும் உள்ளன. அவை எரிந்தபின் உறையின் உள்ளேயும் பிரைமர் குழியிலும் படியும் சாம்பலில் ஈயம் இருக்கிறது. உறையில் ஒட்டியிருக்கும் வரை அது அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. துலக்கும்போதுதான் அது உறையை விட்டு வெளியேறித் தூசியாகவோ கழுவுநீராகவோ நம்மிடம் வந்து சேர்கிறது.

உறைகளைத் துகளோடு குலுக்கித் துலக்கும் என் முதல் அதிர்வுக் கிண்ணத்தை வாசிப்பறையின் மூலையில் மூடியில்லாமல் ஓடவிட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து எதிர்ச்சுவர் அலமாரியில் ஒரு புத்தகத்தை உருவியபோது, விரல் பட்ட இடத்தில் மட்டும் மரத்தின் நிறம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் மெல்லிய சாம்பல் படலம். அன்றைக்கே அந்தக் கருவி வீட்டை விட்டு வெளியே போனது.

துகளில் குலுக்கும் உலர் முறையோ, நீரில் சுழற்றும் ஈர முறையோ, இந்த வேலையைக் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில், குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் புழங்காத இடத்தில் செய்ய வேண்டும். தூசி கிளம்பும் நேரத்தில் நுண்துகள் தடுக்கும் முகக்கவசமும், எப்போதும் கையுறையும் அணிய வேண்டும். இடையில் உண்பது, குடிப்பது, புகைப்பது எதுவும் கூடாது. சமையலுக்குப் பயன்படும் பாத்திரம், வடிகட்டி, அடுப்பு ஆகிய எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. ஒருமுறை எடுத்துவிட்டால் அது திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது. சிந்திய தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது மறுபடி காற்றில்தான் ஏறும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பிரித்தெடுத்தல்

பொறுக்கிக்கொண்டு வந்த உறைகளை ஒரு வெளிர்நிறத் துணியின்மேல் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் தேட வேண்டியது சுடப்படாத முழுத் தோட்டா. அடித்தும் வெடிக்காமல் போன தோட்டாக்கள் சுட்ட உறைகளோடு கலந்து வருவது அபூர்வமன்று. அவற்றைத் தனியே எடுத்து வைத்து, சுடுதளப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அடுத்ததாக ஒரு காந்தத்தைக் குவியலின்மேல் ஓட்டினால், பித்தளை முலாம் பூசிய எஃகு உறைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றை ஒதுக்கிவிடலாம். பிறகு அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். சிறிய உறை பெரிய உறைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும் பழக்கமுடையது. 9 மில்லிமீட்டர் உறை, .45 அங்குல உறைக்குள் அழகாக உட்கார்ந்துகொண்டு, இரண்டையும் துலக்கவிடாமல் செய்யும். வாய் பிளந்தவை, ஆழமாக நசுங்கியவை, பச்சைக் களிம்பு குழியாக அரித்தவை ஆகியவற்றை இந்தக் கட்டத்திலேயே எறிந்துவிடுவது நல்லது. எறிவதற்கு முன் இடுக்கியால் வாயை நசுக்கிவிட்டால், அவை மறுபடி நல்லவற்றோடு கலந்துவிடாது.

மிகப் பழைய தோட்டாக்களின் உறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாதரச ஃபல்மினேட் கலந்த பிரைமர் பயன்படுத்திய காலத்து உறைகளில், சுட்டவுடன் பாதரசம் பித்தளைக்குள் இறங்கி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். எந்தத் துலக்கலும் அதைச் சரிசெய்யாது. பொட்டாசியம் குளோரேட் கலந்த பிரைமர்களோ வேறு வகை: அவை விட்டுச்செல்லும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து அரிப்பை உண்டாக்கும். அத்தகைய உறைகளையும், கரிமருந்து என்னும் பழைய வகைக் கருப்பு வெடிமருந்தை நிரப்பிச் சுட்ட உறைகளையும் அன்றைக்கே சோப்பு நீரில் அலசிவிட வேண்டும். மற்றவை வாரக்கணக்கில் காத்திருக்கலாம்.

பிரைமரை எப்போது நீக்குவது

உலர் முறையில் துலக்குவோர் பலர் செத்த பிரைமரை உள்ளேயே விட்டுத் துலக்குகிறார்கள். குழியும், பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் வழியாக அதன் நடுவிலுள்ள தீத்துளையும் துகள்களால் அடைபடாது என்பது அதன் நன்மை. ஈர முறையில் பிரைமரை முன்பே நீக்கிவிடுவதுதான் சரி. நீக்காவிட்டால் குழி அழுக்காகவே இருப்பதோடு, பிரைமருக்குப் பின்னால் தேங்கும் நீர் எளிதில் உலராது. இதற்கென்று உறையின் சுவரைத் தொடாமல் பிரைமரை மட்டும் தள்ளும் பொது டை கிடைக்கிறது. அழுக்கு உறையைச் சைசிங் டைக்குள் விட்டுப் பிரைமரை நீக்குவது, எதைத் தவிர்க்கத் துலக்குகிறோமோ அதையே செய்வதாகும்.

தள்ளுமுன் உறைக்குள் ஒரு சிறு விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, தாராளமாகத் தள்ளலாம். நடுவில் துளையில்லாமல் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை; தள்ளுமுள் அதில் மோதி உடைந்துபோகும். உயிருள்ள, அதாவது இன்னும் வெடிக்காத பிரைமரை இப்படித் தள்ளி நீக்க முயலவே கூடாது.

உலர் முறை

அதிர்வுக் கிண்ணம் என்பது ஒரு மோட்டார் குலுக்கிக்கொண்டேயிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். ஆங்கிலப் பெயர் டம்ளர் என்றாலும், தமிழில் அந்தச் சொல் நீர் குடிக்கும் பாத்திரத்துக்குப் போய்விட்டதால் இங்கே தவிர்க்கிறேன். அதில் இடிக்கப்பட்ட வால்நட் ஓட்டுத் துகளையோ, மக்காச்சோளக் கட்டைத் துகளையோ நிரப்பி, உறைகளைப் போட்டு ஓடவிட வேண்டும். வால்நட் கடினமானது, அழுக்கை விரைவில் எடுக்கும்; சோளக்கட்டை மென்மையானது, மெருகேற்றும். ஒன்றை மட்டும் வாங்குவதானால் வால்நட்டை வாங்குங்கள்.

இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதுமானது. கிண்ணத்தைத் திணித்து நிரப்பினால் உறைகள் புரளாமல் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்க்கும்போது உறைகள் மேலெழுந்து, ஓரமாகச் சென்று, அடியில் மூழ்கி மறுபடி மேலே வருவது தெரிய வேண்டும். உறைகளைப் போடுமுன், அம்மோனியா கலக்காத மெருகுத் திரவத்தை ஒரு மூடியளவு துகளில் ஊற்றி, கட்டி இல்லாமல் கலையும் வரை கிண்ணத்தைச் சும்மா ஓடவிடலாம். நீளவாக்கில் கிழித்த காகிதத் துண்டுகள் இரண்டு மூன்றைக் கூடவே போட்டால், ஈயத் தூசியில் கணிசமான பங்கை அவை உறிஞ்சிக்கொண்டு கறுத்துவிடும். அவற்றை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டக் கூடாது என்பதை மேலே சொன்ன அலமாரிக் கதைக்குப்பின் மறுபடி சொல்லத் தேவையில்லை.

துகள் கறுத்து, உறைகள் வெளிவரும்போது கையில் சாம்பல் ஒட்டத் தொடங்கினால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. சல்லடையில் பிரித்தெடுத்தபின், பிரைமர் நீக்கிய உறைகளாயின் ஒவ்வொரு தீத்துளையையும் பார்க்க வேண்டும். ஒரு துகள் அதில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும்.

ஈர முறை

உள்ளும் புறமும் பிரைமர் குழியும் ஒருசேரச் சுத்தமாக வேண்டுமென்றால் ஈர முறைக்கு நிகரில்லை. படுக்கை வசமாகச் சுழலும் ரப்பர் பூசிய டிரம், அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் துண்டுகள், நீர், சோப்பு ஆகியவையே இதன் கருவிகள். கம்பித் துண்டுகள் சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் 6.5 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. தீத்துளை வழியாகவும் நுழைந்து கரியைச் சுரண்டும். மொத்தம் ஏறக்குறைய 7 கிலோ தாங்கும் டிரம்முக்குப் பலரும் பின்பற்றும் கணக்கு, கம்பி 2.3 கிலோ, உறைகள் 0.9 கிலோ, மீதி நீர் என்பதாகும். இதில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு மேசைக்கரண்டியும், சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டியும் சேர்க்க வேண்டும். அமிலம் களிம்பைக் கரைக்கிறது. சோப்பு கரியை நீரில் மிதக்கவைத்து, அது மறுபடி பித்தளையில் படியாமல் தடுக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் உறைகள் மங்கலாகவே வெளிவரும்.

சிட்ரிக் அமிலத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. தோட்டா உறையின் பித்தளை 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்தது. அமிலம் கூடினாலோ, நேரம் நீண்டாலோ மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். உறை இளஞ்சிவப்பாக மாறும். ஒருமுறை ஊறப்போட்டதை மறந்துவிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தபோது, ஒரு வாளி உறைகளும் ரோஜா நிறத்தில் இருந்தன. மேலோட்டமான நிறமாற்றமாக இருந்தால் உறைகள் கெடுவதில்லை என்றாலும், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டவற்றை நான் வைத்துக்கொள்ளவில்லை. வினிகருக்கும் இதே குணம் உண்டு.

ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் சுழலவிட்டு நிறுத்திவிட வேண்டும். நான்கைந்து மணி நேரம் ஓட்டினால், உறைகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு உள்ளும் புறமும் மடிந்து தடித்துவிடும்; பிறகு ஒவ்வொன்றையும் சீவிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். டிரம்மைத் திறந்தால் வரும் நீர் மையைப்போல் கறுப்பாக இருக்கும். அதில் ஈயம் இருப்பதால், அதைச் செடிகளுக்கோ குடிநீர்க் கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது. கழிவு தொடர்பான உள்ளூர் விதிப்படி அகற்ற வேண்டும். தெளிந்த நீர் வரும் வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

கம்பிகளைப் பிரிப்பதில்தான் பொறுமை தேவைப்படும். நீர் நிரப்பிய தொட்டிக்குள் சுழற்றும் கூடையில் போட்டுத் திருப்பினால் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். குறுகிய கழுத்துள்ள உறைகளில், இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு கழுத்துக்குள் குறுக்காகச் சிக்கியிருக்கும், குலுக்கினாலும் விழாது. ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கழுத்துக்குள் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. உள்ளே தங்கிய கம்பி, சுடும்போது குழலுக்குள் பாய்ந்து அதைக் கெடுக்கக்கூடும். இந்தத் தொல்லை வேண்டாமென்று கம்பியே இல்லாமல் வெறும் சோப்பும் அமிலமும் போட்டுச் சுழற்றுவோரும் உண்டு. பிரைமர் குழியில் கொஞ்சம் கரி மிஞ்சும், மற்றபடி குறையில்லை. நான் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

கருவி குறைந்தோருக்கு

ஐம்பது, நூறு உறைகள் மட்டும் இருந்தால் டிரம்மும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீரில் சில சொட்டு சோப்பும் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலமும் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, இடையிடையே கலக்கிவிட்டு அலசினால் அழுக்கு போய்விடும். மின்னாது, ஆனால் டையைக் கீறவும் செய்யாது. மீயொலித் தொட்டி வைத்திருப்போர் அதே கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடலாம். நீரில் தோன்றி உடையும் நுண்குமிழ்கள் பிரைமர் குழியின் மூலைகளிலிருந்தும் கரியைப் பெயர்த்துவிடும்.

நிக்கல் முலாம் பூசிய உறைகளை எந்த முறையிலும் குறைந்த நேரமே துலக்க வேண்டும். முலாம் உரிந்து செதிலானால் அதுவே டைக்குப் பகையாகும்.

அம்மோனியா கூடாது என்பது ஏன்

வீட்டில் உலோகம் மெருகேற்ற வைத்திருக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. அவை பித்தளையை நொடியில் மின்னவைக்கும் என்பதால், எடுத்துப் பூசும் ஆசை எழும்.

19-ஆம் நூற்றாண்டில், பிரித்தானிய இந்தியாவில் இராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது, சுடாமலேயே அவற்றின் பித்தளை உறைகள் வெடித்திருந்தன. ஒவ்வொரு மழைப் பருவத்திலும் இது நிகழ்ந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வந்தது. காரணம் 1921-இல்தான் முறையாக விளக்கப்பட்டது: குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியிருக்கிறது. தகட்டை அச்சில் இழுத்து இழுத்து உறையாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அம்மோனியா உலோகப் படிகங்களின் எல்லைகள் வழியே செம்பை அரித்துக்கொண்டு உள்ளே செல்ல, அந்த இறுக்கமே வெடிப்பைப் பிளந்து விரிக்கிறது. வெளியே பார்க்கும்போது உறை பளபளவென்றுதான் இருக்கும். ஆகையால் புட்டியின்மேல் அம்மோனியா என்ற சொல் இருந்தாலோ, திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் காரநெடி வந்தாலோ, அதைத் தோட்டா உறைக்குப் பயன்படுத்தக் கூடாது. குளோரின் கலந்த வெளுப்பானையும் சேர்க்கக் கூடாது. அமிலத்தோடு கலந்தால் அது நச்சுப்புகை விடும்.

உலர்த்துதல்

அலசிய உறைகளைப் பழந்துணியில் கொட்டி, துணியின் இரு முனைகளையும் பிடித்து ஊஞ்சலாட்டுவதுபோல் உருட்டினால் வெளிநீர் போய்விடும். உப்புநீராக இருந்தால், கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினால் கறைப்புள்ளி விழாது. பிறகு தட்டில் பரப்பி வெயிலில் ஒருநாள், நிழலில் இரண்டு மூன்று நாள் விடலாம். அவசரமென்றால், இதற்கென்றே ஒதுக்கிய சூட்டடுப்பில் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஒரு மணி நேரம் வைக்கலாம். தீச்சுடரில் காட்டி உலர்த்துவது மிகவும் ஆபத்தான வழக்கம். ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் பித்தளை கடினம் குறைந்து இளகத் தொடங்குகிறது. கழுத்து இளகலாம், ஆனால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பாகம் இளகிவிட்டால் அந்த உறை சுடுபவரின் முகத்துக்கு நேரே பிளந்துகொள்ளக்கூடும்.

உலர்ந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஏழெட்டு உறைகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, அரைமணி நேரம் வெயிலில் வையுங்கள். கண்ணாடியின் உட்புறம் பனித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

துலக்கியபின் பார்க்க வேண்டியவை

இதுவரை செய்ததெல்லாம் இதற்காகத்தான் என்பதால், இங்கே அவசரப்படக் கூடாது. கழுத்தில் மயிரிழை போன்ற நீளவாக்கு வெடிப்பு இருக்கிறதா என்று உறையை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்க்க வேண்டும். கையில் நாலைந்து உறைகளை எடுத்து மெல்லக் குலுக்கினால், நல்லவை கணீரென்று ஒலிக்கும். வெடித்தது ஒன்று இருந்தால் அதன் ஓசை மட்டும் தட்டையாகத் தனித்துக் கேட்கும்.

ரைஃபிள் உறைகளில் இதைவிட முக்கியமான இடம் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்ளது. பலமுறை சுட்டு அளவுக்குக் கொண்டுவந்த உறையில் உலோகம் நீண்டு, அந்த இடத்தில் சுவர் மெலிந்துபோகும். வெளியே ஒரு மெல்லிய வெளிர் வளையமாக அது தெரியலாம். வெளிவளையம் எல்லாமே ஆபத்தின் அடையாளமன்று. டை உரசிய தடமும் அப்படித் தெரியும். எனவே உள்ளிருந்து சோதிக்க வேண்டும். காகிதங்களைச் செருகும் கம்பிக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்குத்தாக இரண்டு மில்லிமீட்டர் மடித்து, அந்த நுனியைக் கூராகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதை உறையின் அடிவரை இறக்கி, சுவரோடு அழுத்தியபடி மெல்ல மேலே இழுங்கள். நல்ல உறையில் நுனி வழுக்கிக்கொண்டே வரும். மெலிந்த உறையில், அடியிலிருந்து சிறிது மேலே வரும்போது நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டுப்படும். விரலுக்கு அது தெளிவாகத் தெரியும். தட்டுப்பட்டால் அந்த உறையை நசுக்கி எறிந்துவிட வேண்டும், அதனுடன் அதே எண்ணிக்கை முறை சுட்ட மற்ற உறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

ஈர முறையில் துலக்கிய உறைகளின் கழுத்து உட்புறம் கரித்தடமே இல்லாமல் இருக்கும். வழுவழுப்புத் தரும் அந்தக் கரி இல்லாததால் குண்டு உள்ளே செல்லும்போது கிறீச்சென்று இழுபடும். நுண்ணிய கிராஃபைட் தூளில் கழுத்தை ஒருமுறை தொட்டெடுத்தால் போதும். சைசிங் டைக்காகப் பூசிய எண்ணெயையும் பிறகு துடைத்துவிட வேண்டும். உறையின் வெளிப்புறத்தில் எண்ணெய் இருந்தால், அது சுடும்போது துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி, முழு விசையையும் அந்த அறையைப் பின்புறம் அடைக்கும் பூட்டின்மேல் இறக்கும்.

நிரப்பி முடித்த தோட்டாவை மினுக்குவதற்காக மறுபடி அதிர்வுக் கிண்ணத்தில் போடுவோர் இருக்கிறார்கள். தீங்கில்லை என்பது அவர்கள் வாதம். உயிருள்ள பிரைமரை உள்ளே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குலுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விரல்தடம் பட்டிருந்தால் துணியால் துடைத்தாலே போய்விடுகிறது.

தேறிய உறைகளை மூடியுள்ள பெட்டியில் போட்டு, அளவையும், இதுவரை எத்தனை முறை சுடப்பட்டன என்பதையும், துலக்கிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள். பழைய துகளையும் கறுத்த காகிதத் துண்டுகளையும் கையுறையோடு சேர்த்துப் பையில் கட்டி, ஈயக் கழிவு என்று எழுதித் தனியே வைக்க வேண்டும். பிறகு முகத்தையும் கைகளையும் சோப்பால் கழுவி, உடையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போங்கள். அந்த உடையை மற்றவர் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.